மார்மலேடின் மூக்கில் ஓர் இறகு

1

கோழியைக் கொடுமைப்படுத்தியதாக என் மேல் புகார் வந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் முட்டைக்கார பாய் மகள் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. நடக்கப் பழகியதே கோழிக்கூடையைப் பிடித்துக்கொண்டுதான் என்று அம்மா சொல்லும். அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற இந்தச் சின்ன ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை விலங்குநல அலுவலர் ஒருவர் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றார்.

ரொம்ப மரியாதையான மனிதர். தன் காலணியைக் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்த ரப்பர் பூட்ஸை மாட்டி, அதன் அடியில் மருந்து தெளித்துத் துடைத்த பிறகுதான் கொல்லைப் பக்கம் போனார். பறவைக்காய்ச்சல் பயம். இந்த நாட்டில் திட்ட வருகிறவர்கள்கூட முதலில் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் திட்டுவார்கள். அவரும் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம், "உங்கள் கோழி ஒன்றின் மூக்கில் இறகு செருகப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது" என்றார்.

"ஆமாம், நான்தான் செருகினேன்" என்றேன். கோழி அடையில் உட்கார்ந்துவிட்டால் வேறு என்ன செய்வார்களாம்?

அடை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குஞ்சு பொரிக்கும் ஆசை வந்துவிட்ட கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, உடம்பை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும். அடியில் முட்டை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. சேவல் இல்லாத வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் குஞ்சு வராது. தீனி எடுக்காமல் இளைத்துக்கொண்டே போகும். எங்கள் ஊரில் அதன் இறகையே எடுத்து மூக்குத் துவாரத்தில் குறுக்கே செருகிவிடுவார்கள். அதைத் தள்ளிவிடும் பாட்டில் கோழிக்கு அடை மறந்துபோகும். அடை தெளிந்துவிட்டது என்பார்கள்.

இதை ஆங்கிலத்தில் விளக்க வேண்டுமே. அடையில் இருக்கிற கோழியை இங்கே 'ப்ரூடி' என்பார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து அந்தச் சொல் வரவில்லை, அதன் பக்கத்து வீட்டுச் சொல்தான் வந்தது. "ஷி இஸ் வெரி மூடி, சார். டூ வீக்ஸ் மூடி" என்றேன். இரண்டு வாரமாக அவளுக்கு மனநிலை சரியில்லை என்று அர்த்தம்.

அவர் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கி, "என் மாமியாருக்கும் அப்படித்தான்" என்றார். "இறகு செருகினால் சரியாகிவிடுமா?"

"எங்கள் ஊரில் ஆகிவிடும்."

"எந்த ஊர்?"

கள்ளக்குறிச்சி என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னார். விசாரணையில் பாதி நேரம் அதற்கே போயிற்று.

கோழியைத் தூக்கி மூக்கைப் பார்த்தார். இறகு அப்போது இல்லை. சின்னதாக ஒரு பொருக்கு மட்டும் இருந்தது. யார் புகார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். சொல்ல அனுமதியில்லை என்றார். எழுத்தில் கடிதம் வரும், பத்து நாள் கழித்து மறுபடி வந்து பார்ப்பேன், அதற்குள் முறையாகக் கவனிக்கவில்லையென்றால் மூன்று கோழிகளையும் வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று அதே மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார். கோழி போனால் எனக்குப் போகட்டும். என் மகள் சமீராவிடம் என்ன சொல்வேன்?

2

மூன்று கோழிகளும் வந்ததே அவளுக்காகத்தான். நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பதினோரு வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். சிநேகிதம் ஒன்றும் அமையவில்லை. பள்ளிவிட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். டாக்டரிடம் போகலாமா என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்து, "கோழி வளர்க்கலாமா?" என்று கேட்டாள். முட்டைக்கார பாயின் ரத்தம் எங்கே போகும்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாங்கப் போனபோதுதான் ஆர்ப்பிங்டன் என்ற இனத்தை முதன்முதலாகப் பார்த்தேன். இந்த நாட்டின் பழைய இனம். பண்ணைக்காரர்களுக்கு வேகமாக வளர்கிற கோழி போதும் என்றான பிறகு, வீட்டுக் கொல்லையில் வளர்க்கிறவர்கள்தான் இதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்கள். நிறம் வறுத்த ரவை நிறம். பார்க்கப் பஞ்சு மெத்தை. கையில் தூக்கினால் உதறாது, கொத்தாது, கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிவிடும். விற்ற பெண்மணி அதன் குணத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சாது, பிள்ளைகளிடம் பழகும், நல்ல தாய், அடிக்கடி அடைக்கு உட்காரும். அட, இது நம்ம சிறுவிடை!

கோழியில் இரண்டு ஜாதி என்பார் என் அத்தா, அதாவது அப்பா. பெருவிடை சண்டைக்காரன். சிறுவிடை சின்ன உருவம், குட்டைக் கால், யாரிடமும் வம்புக்குப் போகாது. அத்தா அதைச் 'சிறுவெட' என்பார். கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்து ஆட்கள் அடிவாரச் சந்தைக்கு இறக்கிவிடும் கோழிகளில் சிறுவிடையை மட்டும் தனிக் கூடையில் எடுத்துவைப்பார். "இருட்டுல மூடி வச்சா மூச்சுவிடாது. கூடையில கோழி இருக்குறதே தெரியாது" என்று சொல்லிச் சொல்லி விற்பார். இந்த வெள்ளைக்காரச் சிறுவிடை நம்முடையதைப் போல மூன்று மடங்கு இருக்கும். குணம் மட்டும் அச்சு அசல் அதேதான்.

சமீரா மூன்றுக்கும் காலைச் சாப்பாட்டிலிருந்து பெயர் வைத்தாள். டோஸ்ட், க்ரம்பெட், மார்மலேட். "பேரக் கேட்டாலே பசிக்குது" என்று என் வீட்டுக்காரர் இதாயத் சொன்னதற்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அன்றைக்கு வீட்டில் கோழிக்கறி நின்றது, நின்றதுதான்.

கோழி வளர்க்க அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு கோழியானாலும் செய்ய வேண்டும். படிவத்தில் 'பறவைகள் வளர்க்கப்படும் நோக்கம்' என்று ஒரு கேள்வி இருந்தது. இறைச்சிக்கா, முட்டைக்கா, கண்காட்சிக்கா, வேட்டைக்கா என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். பிள்ளை பேசுவதற்கு என்று ஒரு கட்டம் இல்லை. முட்டை என்று டிக் அடித்தேன்.

பேசவும் செய்தாள். அதில் வேடிக்கை என்னவென்றால், கோழிகளிடம் தமிழில் பேசுவாள். "பா பா பா, வா, சாப்டு, சண்ட போடாத" என்பாள். என் பக்கம் திரும்பினால் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம், கோழிக்குத் தமிழ். நியாயமாகப் பார்த்தால் நான்தான் கூண்டுக்குள் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்பிப் பார்த்தேன். பரீட்சைத் தாளில் 'சிறுவிடை தருக' என்று போட்டு ஐந்து கேள்வி. நான் கொல்லையில் சிறுவிடை சிறுவிடை என்று புலம்பியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஐந்து கேள்விக்கும் நேரே ஐந்து குட்டிக் கோழி வரைந்துவிட்டு வந்தது. வாத்தியார் பூஜ்யம் போட்டார். நான் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். அதோடு அவள் அந்தப் பள்ளிக்குப் போவதும் நின்றது.

3

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மார்மலேட் அடைக்கு உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வெறும் வைக்கோல்மேல் உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனால் உறுமுகிறது. நெஞ்சு இறகையெல்லாம் தானே பிய்த்துப் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தரையில் கிடந்த அதன் இறகு ஒன்றை எடுத்து, நுனியைச் சீவி, மூக்கில் செருகினேன். சத்தமே போடவில்லை. சாது அல்லவா, நம்பிக்கையாக உட்கார்ந்திருந்தது.

சமையலறை ஜன்னலிலிருந்து சமீரா பார்த்துவிட்டாள். வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"மா! ஸ்டாப்!"

"ஒண்ணும் ஆவாதுடி. எங்க ஊர்ல எல்லாக் கோழிக்கும் வைக்கிறதுதான்."

எல்லாரும் செய்வதால் அது சரியாகிவிடாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் உனக்கு என்ன செய்தாள் என்று கேட்டாள். அவள் என்றால் கோழி.

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. அது தீனி எடுக்காம சாவட்டுமா?"

இறகை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, கோழியைத் தன் ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கும் பிடிவாதம் கம்மி இல்லை. கோழியைப் பற்றி எனக்கே பாடமா? சாயங்காலம் அவள் மாடிக்குப் போன பிறகு திரும்பவும் போய் இறகைச் செருகினேன். இந்தத் தடவை கோபத்தில் செய்தேன். கை அழுத்திவிட்டது. மார்மலேட் தலையை வெடுக்கென்று இழுத்தது. ஒரு பொட்டு ரத்தம் வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, இறகையும் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வந்த அந்த நல்ல மனிதரிடமும் சொல்லவில்லை.

4

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டில் இருக்கிற பாம் என்ற வெள்ளைக்காரக் கிழவிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தனியாக இருக்கிறாள், எண்பது தாண்டிவிட்டது, வேலிக்கு அந்தப் பக்கம் எப்போது பார்த்தாலும் ரோஜாச் செடியோடு நின்றுகொண்டிருப்பாள். அவளை விட்டால் வேறு யார் எட்டிப் பார்க்க முடியும்?

"ஏங்க, பாம்தான் போன் பண்ணியிருப்பா" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அந்தம்மாவுக்குக் கண்ணே தெரியாது நூரு. போன வாரம் என்னைத் தபால்காரன்னு நெனச்சுக்கினு தேங்க்ஸ் சொல்லுது. அது எங்க கோழி மூக்கப் பாத்துது?"

"கிட்டத்துல தெரியாது. தூரத்துல தெரியும்."

"அது ஆளா, தொலைநோக்கியா?"

அவருக்கு எல்லாம் சிரிப்பு. வெள்ளிக்கிழமைதோறும் பாம் காலி முட்டைப்பெட்டியைத் துடைத்து வேலியோரம் வைப்பாள். நான் ஆறு முட்டை போட்டு வைப்பேன். அந்த வெள்ளிக்கிழமை பெட்டியைப் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே வந்தேன். மத்தியானம் வரைக்கும் பெட்டி மழையில் நனைந்துகொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே தபாலில் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். முதல் பத்தியில் சட்டம். இரண்டாவது பத்தியில் இப்படி இருந்தது: 'மார்மலேட்' எனப் பெயரிடப்பட்ட கோழிக்கு ஒரே நாளில் இரண்டு முறை இறகு செருகப்பட்டதாகவும், இரண்டாம் முறை ரத்தம் வந்ததாகவும் தகவலளித்தவர் தெரிவித்தார்.

பாமுக்கு எல்லாக் கோழியும் 'டார்லிங்'தான். பெயர் தெரியாது. பெயர் தெரிந்த இன்னொருவர் என் வீட்டுக்காரர், அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலையில் இருந்தார். யா அல்லா! கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொல்லையைப் பார்த்திருக்கும் மாடி ஜன்னல் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

என் மகள் என் மேல் புகார் கொடுத்திருக்கிறாள்.

முதலில் வந்தது கோபம்தான், மறைக்கவில்லை. பெற்ற தாயை ஆபீஸில் மாட்டிவிடுகிற பிள்ளையைக் கள்ளக்குறிச்சியில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? மாடிப்படியில் பாதி ஏறியும்விட்டேன். கத்தத்தான் போனேன். பாதிப் படியில் நின்றபோது, எதைச் சொல்லிக் கத்துவது என்று யோசித்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. இறங்கி வந்துவிட்டேன்.

ஒரு ஆறு முட்டையை எடுத்துக்கொண்டு பாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். எவ்வளவு மன்னிப்புக் கேட்டும் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

5

அதற்கப்புறம் மூன்று நாள் ஒரு பழைய சாலை ஞாபகமாகவே இருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கிளர்ச்சி நடந்த வருடங்கள். ஒரு தடவை சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். நாள் கணக்கில் பஸ் இல்லை, லாரி இல்லை. கடைவீதியில் பாதிக் கதவுதான் திறந்திருக்கும். எங்கெங்கோ துப்பாக்கிச் சத்தம், சாவு என்று பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் இடம் கேட்டு உட்கார்ந்த ஜனங்கள் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் விளங்கியது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடம் லீவு, அத்தா கடை மந்தம், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து எலவனாசூர்கோட்டையில், என் அக்கா வாக்கப்பட்ட வீட்டில், அவள் கொழுந்தனுக்குக் கல்யாணம். வலிமா விருந்துக்குச் சிறுவிடைக் கோழி நான் தருகிறேன் என்று அத்தா வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மலையிலிருந்து கோழி முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கொண்டுபோக பஸ்தான் இல்லை. சொன்ன பேச்சு தவறினால் அக்காதான் அந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சுக் கேட்பாள். அத்தா சைக்கிளை எடுத்தார். பின்னால் இரண்டு கூடை, கூடைக்குப் பத்துக் கோழி, மேலே வெள்ளைப் போர்வை. முன்னால் கம்பியில் நான். பிள்ளை கூட இருந்தால் எவனும் மறிக்க மாட்டான் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கானால் தலைகால் புரியவில்லை. அத்தாவோடு வெளியூர்!

தியாகதுருகம் தாண்டி ஒரு இடத்தில் பெரிய மரம் கிடந்தது. இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அண்டாவில் வெறும் சோறு வெந்துகொண்டிருந்தது. எங்களை நிறுத்தியவர் கோவிந்தன். அவர் வீட்டுக்கு வாராவாரம் போய் அத்தா முட்டை வாங்குவார். எனக்கும் அவரைத் தெரியும்.

"இன்னா பாய், ரோடு மூடிக் கெடக்குது. எங்க கெளம்பிட்ட?"

"சம்பந்தி வூட்டுக் கல்யாணம்பா. எலவனாசூர்கோட்டைக்குப் போய்க்கினு இருக்கேன்."

"கூடையில இன்னா?"

அத்தா அந்த அண்டாவை ஒரு தரம் பார்த்தார். "துணிதாம்பா. கல்யாண வூட்டுத் துணி" என்றார்.

கூடையில் ஒரு சத்தமும் இல்லை. சிறுவிடை, அத்தா பேரைக் காப்பாற்றியது. "சரி, போ பாய்" என்று கோவிந்தன் வழிவிட்டார். கூட இருந்த இன்னொருவர் சும்மா இல்லாமல் என் கன்னத்தைத் தட்டி, "பாப்பாவுக்கும் புதுத்துணி எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"அது துணி இல்ல, கோழி. சிறுவெட. இருவது இருக்குது" என்றேன். பொய்யை உடைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அத்தாவின் சரக்கைத் துணி என்றால் எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை.

"கோழின்னு சொன்னா புடுங்கித் தின்னுடுவோம்னு நெனச்சிட்ட இல்ல பாய்? இத்தினி வருசமா எங்க வூட்டு முட்டைய எடுத்துக்கினு போற. இது கூமுட்டைன்னு நீ ஒண்ணத் தள்ளி வச்சா, ஒடைச்சுக்கூடப் பாக்க மாட்டேன். உன் வாய நம்புவேன்."

"அப்படி இல்லப்பா" என்று அத்தா ஏதோ சொல்லப் பார்த்தார். போர்வையை விலக்கி இரண்டு கோழியை எடுத்து நீட்டினார்.

"வேணாம் பாய். எடுத்துக்கினு போ. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

அவர்களே நாலு பேர் சைக்கிளைக் கூடையோடு தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். என்னையும் தூக்கி இறக்கினார்கள். ஒரு இறகுகூடக் குறையாமல் இருபது கோழியும் போய்ச் சேர்ந்தது. விருந்து நன்றாக நடந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வழி முழுக்க அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடுத்த சந்தைக்கு அவர் கிளம்பும்போது நான் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் போய் நின்றேன். "நீ வூட்லயே இரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கு அடுத்த தடவையும் அதே பேச்சு. பிறகு நான் போய் நிற்பதை விட்டுவிட்டேன். கடைசிவரைக்கும் அவர் என்னை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம் போல என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது நான் இந்த ஊரில் இருந்தேன். கேட்டுக்கொள்ளவும் முடியவில்லை.

6

கடிதம் வந்த நாலாம் நாள் காலை, தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு நான் கொல்லைக்குக் கிளம்பினேன். சமீரா படியிறங்கி வந்து, எப்போதும்போலக் கூட வரக் காலில் பூட்ஸை மாட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ வூட்லயே இரு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அது அத்தாவின் குரல். மூன்று நாளாக நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரிந்ததும், அவள் சமையலறைக்குள் வந்தால் நான் துணி உலர்த்தப் போனதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. கோபம் பாதிப் படியிலேயே இறங்கிவிட்டது. நான் செய்ததைப் பார்த்த கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை, அதுதான் விஷயம். அப்படியானால் அத்தாவுக்கும் என்மேல் கோபம் இல்லை! ஐம்பதை நெருங்குகிற வயதில், கையில் கோழித்தீனி டப்பாவோடு நின்று அழுதேன்.

சமீரா ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு பயந்துபோய் நின்றாள்.

"சமீ, உக்காரு. அன்னிக்கு ரெண்டாவது தடவ ரத்தம் வந்துச்சு. நீ பாத்தே. நான் அந்த ஆபீசர்கிட்ட சொல்லவே இல்ல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள். "நான்தான் கால் பண்ணேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவங்க அடைய எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். வீட்டுக்கு வருவாங்கன்னு நெனைக்கல. கோவமா?"

"கோவம் இல்லடி. வெக்கமா இருக்குது."

"ஷையா?" என்றாள் குழம்பிப்போய். அவளுக்குத் தெரிந்த வெட்கம், போட்டோ எடுக்கும்போது வருகிற வெட்கம் மட்டும்தான்.

"அது இல்ல. தப்புப் பண்ணும்போது நமக்குப் புடிச்சவங்க பாத்துட்டா வருமே, அந்த வெக்கம்."

அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். இந்தக் கூத்தைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர், "யாரு செத்தது? டோஸ்டா, க்ரம்பெட்டா?" என்று கேட்டு, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அலுவலர் கடிதத்தோடு ஒரு வழிமுறைத் தாளும் வந்திருந்தது. அடையில் இருக்கிற கோழியை, அடியில் வைக்கோல் இல்லாமல் கம்பிவலை மட்டும் இருக்கிற கூண்டில் விட்டு, கூண்டை உயரமாக நிறுத்திவைக்க வேண்டும். கீழே காற்றோட்டம் பட்டு நெஞ்சுச் சூடு தணிந்தால் நாலைந்து நாளில் அடை தெளிந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. இவ்வளவு சுலபமான வழி நம் ஜனங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கம்பிவலைக்குப் பணம் வேண்டும், இறகு சும்மா கிடைக்கும், வேறென்ன.

தாளின் அடியில் ஒரு அட்டவணை. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர், தீனி, உடம்பு நிலை எழுதி, 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்து சமீராவிடம் கொடுத்தேன்.

"நானா? நீதானே எக்ஸ்பர்ட்?"

"நான் முட்டை வித்தவன் மக. கோழிக்கு நோவுதான்னு பாக்குற ஆள் நீதான். போடு."

பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு முழுப் பெயரையும் எழுதினாள். பழைய முயல் கூண்டு ஒன்றை இதாயத் எங்கிருந்தோ பிடித்து வந்து வலை அடித்துக் கொடுத்தார். மார்மலேடை அதில் விட்டது, அடியில் காற்று பட்டதும் அது எங்கள் எல்லாரையும் முறைத்தது, இதெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தது.

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சமீரா இறங்கி வந்தாள். பள்ளிச் சீருடைமேல் கோட்டை மாட்டினாள், தீனி டப்பாவை எடுத்தாள், அட்டவணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவள் பொறுப்பு, அவள் போகிறாள். போகட்டும் என்றுதான் நின்றேன். ஆனால் அடுப்பைத் தணித்துவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டேன். தலையில் கலைந்திருந்த முடியைக்கூடச் சரி செய்துகொண்டேன் என்றால் நம்புவீர்களா? கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"மா," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள், "நீ வரல?"